வந்து போன நோய்க்கு ஊசி எதற்கு?

2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பதினைந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடும் திட்டம் நாடெங்கும் தொடங்கியிருந்தது. நம் மாணவியரும் வரிசையில் நின்றனர். பெற்றோரின் சம்மதத் தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், போன மே மாதமே எனக்குக் கொரோனா வந்து போய்விட்டது. வீட்டில் எல்லாருக்குமே வந்தது. ஒரு தடவை அம்மை போட்டால் மறுபடி போடாது என்று எங்கள் ஆச்சி சொல்கிறார்கள். அப்படியானால் எனக்கு எதற்கு ஊசி?"

அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். "போட்டுக்கொள்வதுதான் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள், போம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவளும் போட்டுக்கொண்டாள். ஆனால் நான் சொன்னது ஒரு விடையே அன்று. உயிரியல் கற்பிக்கிறவளிடம் ஒரு நல்ல கேள்வி வந்து, பதில் பெறாமல் திரும்பிப் போனது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கடனை இம்மலரில் தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில், ஆச்சி சொன்னது பொய்யன்று. அதற்கு அறிவியல் உலகில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 1846-இல் அங்கே தட்டம்மை பரவியது. அப்போது அங்கு வாழ்ந்த 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டனர். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் தீவுதீவாகச் சென்று விசாரித்தார். அத்தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். இடையில் 65 ஆண்டுகள் அந்நோயே அங்கு இல்லை. 1781-இல் குழந்தைகளாக இருந்தபோது தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி நோய் வரவில்லை என்று கண்டறிந்தார் அவர். இடையில் ஒரு முறையேனும் நினைவூட்டல் இன்றி, அறுபத்தைந்து ஆண்டுகள் உடல் அந்நோயை மறக்கவில்லை!

இந்த நினைவு எங்கே இருக்கிறது? மூளையில் அன்று.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா? தொண்டைப் புண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. நோய்க் கிருமியின் துண்டுகள் அங்கே கொண்டு வரப்படுகின்றன. அவற்றைப் பார்வையிட லட்சக்கணக்கான வெள்ளணுக்கள் ஓயாமல் அவ்வழியே வந்து போகின்றன. அவற்றுள் இரு வகையை நாம் அறிந்துகொண்டால் போதும். ஒன்று பி அணு, மற்றொன்று டி அணு. (டி என்பது நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து. பி என்பது கோழியின் உடலில் உள்ள பர்ஸா என்னும் உறுப்பின் முதலெழுத்து. கோழியை ஆராய்ந்து கண்டுபிடித்த பெயர் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது.)

ஒவ்வொரு பி அணுவும் தன் மேற்பரப்பில் ஒரே ஒரு வடிவப் பிடிப்பானைத் தாங்கிப் பிறக்கிறது. கோடிக்கணக்கான அணுக்கள், கோடிக்கணக்கான வடிவங்கள். வந்த கிருமிக்கு எது பொருந்துகிறதோ அந்த அணு மட்டுமே பல்கிப் பெருகும். இதை 1957-இல் கூறியவர் ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னட். பெருகிய அணுக்கள் அந்தப் பிடிப்பானையே எதிர்ப்பொருளாக இரத்தத்தில் கொட்டுகின்றன. முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நோயாளி படுத்துக் கிடப்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

ஆனால் முதலில் பொருந்திய பி அணு ஏதோ ஓரளவு பொருந்தியதே தவிர, கச்சிதமாகப் பொருந்தியது அன்று. எனவே நிணநீர்க் கணுவுக்குள் முளைமையம் என்னும் ஒரு பயிற்சிக்கூடம் அமைகிறது. அங்கே பி அணு தன் பிடிப்பானை எழுதும் மரபணுவை வேண்டுமென்றே சிதைத்துச் சிதைத்து எழுதுகிறது! உடலின் மற்ற அணுக்களில் நேரும் எழுத்துப் பிழைகளைவிட இங்கே ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு அதிகம். பெரும்பாலான பிழைகள் பயனற்றவை, சில கெடுதலானவை. எங்கோ ஒன்று முன்னைவிட நன்றாகப் பொருந்திவிடும். அங்கே தேர்வாளராக நிற்பவை உதவி டி அணுக்கள். கிருமித் துண்டை நன்றாகப் பிடித்து வந்து காட்டும் பி அணுவுக்கு, "நீ பிழைத்துக்கொள், பெருகு" என்று குறிப்புத் தருகின்றன. காட்ட இயலாதவை மடிந்துவிடுகின்றன. மறுதேர்வு எழுதும் வசதியெல்லாம் அங்கே மிகக் குறைவு.

இன்னொரு வகை டி அணுக்கள் உண்டு. கொல்லும் டி அணுக்கள் என்பர். வைரஸ் நம் அணுவின் உள்ளே புகுந்துவிட்டால் எதிர்ப்பொருளுக்கு அது எட்டாது. அப்போது அந்த அணுவையே அழித்து வைரஸின் இனப்பெருக்கத்தை நிறுத்துபவை இவைதாம்.

நோய் தணிந்தபின் இந்தப் பெரும் படையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்துவிடும். மிஞ்சியவை மூன்று இடங்களில் தங்குகின்றன. சில பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருக்கும். சில பி, டி அணுக்கள் நினைவணுக்களாக மாறி, இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் ஓய்ந்திருக்கும். சில டி அணுக்கள் நோய் வந்த இடத்திலேயே, மூக்கிலும் நுரையீரலிலும் காவல் நிற்கும். கொரோனா கண்டவர்களின் எலும்பு மஜ்ஜையை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர அறிஞர்கள் ஏழு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, 19 பேரில் 15 பேரிடம் கொரோனாவுக்குரிய அணுக்கள் குடியிருந்தன.

அப்படியானால் ஊசி எதற்கு என்று அந்த மாணவி இன்னும் அழுத்தமாகவே கேட்கலாம்!

பதில் இதுதான். இயற்கை நோய் விட்டுச்செல்லும் நினைவு ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருக்கு வலுவானது, இலேசாக வந்து போன சிலருக்கு மிக மெலிந்தது. வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. மேலும் கொரோனா வைரஸ் தட்டம்மை வைரஸைப்போல ஒரே சட்டையை ஆண்டாண்டாய் அணிந்துகொண்டிருப்பதன்று. ஆல்பா, டெல்ட்டா, ஒமிக்ரான் என்று மாற்றிக்கொண்டே போயிற்று. இப்படிப்பட்ட உடலில் ஊசி போடும்போது அது புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. உறங்கும் நினைவணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அவை ஏற்கெனவே முளைமையத்தில் செதுக்கப்பட்டவை. வாரக்கணக்கில் காத்திராமல் சில நாட்களிலேயே பெருகிவிடும். எழுந்தவற்றில் பெரும் பகுதி உடனே எதிர்ப்பொருள் சுரக்கப் போகிறது. ஒரு பகுதி மறுபடி முளைமையத்துக்குள் நுழைந்து இன்னும் கூர்மையாகிறது.

இது வெறும் கற்பனையன்று, அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 2021-இன் தொடக்கத்தில் வெளியான ஆய்வில், முன்பே கொரோனா கண்டவர்களுக்கு முதல் ஊசி போட்டபின் எதிர்ப்பொருள், நோய் காணாதவர்களுக்கு அதே நாட்களில் இருந்ததைவிட 10 முதல் 45 மடங்கு வரை அதிகமாக இருந்தது. அங்கே போட்டது ஆர்.என்.ஏ. வகை ஊசி. 'நம் ஊர் ஊசிக்கு இது பொருந்துமா?' என்று கேட்பீர்கள். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், கோவேக்ஸின் போட்டுக்கொண்ட 114 முன்களப் பணியாளர்களை அதே ஆண்டில் ஆராய்ந்தனர். முன்பே நோய் கண்டவர்களுக்கு ஒரே ஊசியில் கிடைத்த எதிர்ப்பொருள், நோய் காணாதவர்களுக்கு இரண்டு ஊசியில் கிடைத்ததற்கு ஈடாக இருந்தது. நம் மாணவிக்குப் போடப்பட்டதும் கோவேக்ஸின்தான். அது முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்தது. ஆதலால் வைரஸின் மேலுள்ள முள் புரதத்தை மட்டுமன்றி, உள்ளே இருக்கும் புரதங்களையும் நினைவு டி அணுக்களுக்குக் காட்டக்கூடியது.

எதிர்ப்பொருளின் அளவைவிட எனக்கு வியப்பூட்டியது அதன் தரம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கொரோனா கண்டு தேறிய 63 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் இடையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். நோய் போய் மாதங்கள் கழிந்த பின்னும் அவர்களது நினைவு பி அணுக்கள் சும்மா இருக்கவில்லை, தொடர்ந்து திருந்திக்கொண்டே இருந்தன. ஓராண்டு கழித்து அவை செய்யும் எதிர்ப்பொருள்கள், தாங்கள் ஒருபோதும் கண்டிராத உருமாறிய வைரஸ்களையும் பிடித்தன. ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அத்தகைய அணுக்கள் பெருகியிருந்தன. நோய் செதுக்கியதை ஊசி பெருக்கியது எனலாம். இப்படி இரண்டும் சேர்ந்து பிறக்கும் பாதுகாப்பைக் கலப்பு எதிர்ப்பாற்றல் என்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2021 மே, ஜூன் மாதங்களில் கணக்கெடுத்தபோது, நோய் கண்டும் ஊசி போடாதவர்களுக்கு மறுபடி நோய் வரும் வாய்ப்பு, ஊசி போட்டவர்களைப்போல 2.34 மடங்காக இருந்தது.

நோய் தேறி மூன்று மாதம் கழித்தே ஊசி போடவேண்டும் என்று 2021 மே மாதத்தில் நம் அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். 'ஊசி தட்டுப்பாடு, அதனால்தான்' என்று அப்போது பலர் முணுமுணுத்தனர். எப்படியாயினும், உடலியல் நோக்கில் அந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு. முளைமையத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும்போது, புதிதாக ஊசி போட்டால் அதைச் சுற்றியுள்ள எதிர்ப்பொருளே துடைத்தெறிந்துவிடும். அணுக்கள் அதைப் பார்க்க நேரம் இராது. நம் மாணவிக்கோ நோய்க்கும் ஊசிக்கும் எட்டு மாத இடைவெளி. நன்றாகப் பதப்பட்ட நினைவு.

நாய் கடித்த பின் போடும் ஊசியை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பழைய நினைவு ஏதும் இல்லை. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடையுமுன், ஊசி முந்திக்கொண்டு புதிய படையைத் திரட்டுகிறது. அது ஓட்டப்பந்தயம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உடலின் நினைவு எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் கண்ட வடிவத்தின்மேல் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிறகு உருமாறிய வைரஸ் வந்தாலும், பழைய நினைவணுக்களே முந்திக்கொண்டு எழும். புதிதாகக் கற்கவேண்டிய இளம் அணுக்களுக்கு வாய்ப்புக் குறையும். இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் இதைக் கண்ட அமெரிக்க அறிஞர் தாமஸ் ஃபிரான்சிஸ், 1960-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஞானோபதேச வகுப்பில் நீங்கள் கேட்ட 'ஜென்மப் பாவம்' என்ற சொல்லைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்! குழந்தைப் பருவத்தில் முதன்முதல் கண்ட காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் விடாமல் தொடர்கிறது என்பது அவர் கருத்து. நல்ல வேளையாக, கொரோனாவில் இந்தப் பிடிவாதம் ஊசியைப் பயனற்றதாக்கவில்லை.

டெங்குவில்தான் விபரீதம் நேர்ந்தது. டெங்கு வைரஸ் நான்கு வகை. முதல் தடவை ஒரு வகை வந்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். பிறகு வேறொரு வகை வரும்போது, பழைய எதிர்ப்பொருள் அதை அரைகுறையாகப் பிடிக்கும். கொல்லாது. பிடித்த பிடியிலேயே வெள்ளணுவின் உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். வைரஸுக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டது போலாகும். இரண்டாம் முறை வரும் டெங்கு சில வேளைகளில் உயிரைக் குடிப்பது இதனால்தான்.

டெங்வாக்ஸியா என்ற முதல் டெங்கு ஊசி, 2016 ஏப்ரல் முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் போட்டுக்கொண்டனர். 2017 நவம்பர் இறுதியில் அதைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே அறிவித்தது: முன்பே டெங்கு வந்தவர்களை இவ்வூசி காக்கிறது, ஒருமுறையும் வராதவர்களுக்கோ பின்னால் டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. அதாவது நோய் காணாத குழந்தையின் உடலுக்கு அந்த ஊசியே 'முதல் டெங்கு' ஆகிவிட்டது. பிறகு கொசு கொண்டுவந்தது 'இரண்டாம் டெங்கு'. நோய் கண்ட குழந்தைக்கோ ஊசியே இரண்டாவதாக வந்து, உயிருக்கு ஆபத்தின்றி நினைவை நான்கு வகைக்கும் விரித்தது. ஒரே மருந்துதான், ஆனால் முன்பு நடந்ததைப் பொறுத்துக் காவலாகவும் கண்ணியாகவும் ஆயிற்று. பிலிப்பைன்ஸ் அத்திட்டத்தை நிறுத்தியது. இரத்தத்தைச் சோதித்து, முன்பே டெங்கு வந்தவர் என்று உறுதியானால் மட்டுமே போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியது. ஆனால் அதற்குள் பெற்றோர் எல்லா ஊசிகளையுமே சந்தேகிக்கத் தொடங்கியிருந்தனர். 2019-இல் அந்நாட்டில் தட்டம்மை பெருவாரியாகப் பரவியது.

ஆகவே, "வந்து போன நோய்க்கு ஊசி எதற்கு?" என்ற கேள்வியை வரிசையில் நின்று கேட்பவளைத் தொல்லை என்று எண்ணக் கூடாது. டெங்குவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் என் தாயாருக்கு இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள் எழும்பின. அக்கி என்று தெரிந்ததும் பக்கத்துத் தெருக் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவி எழுதினோம். அம்மா சிறுமியாக இருந்தபோது கண்ட பழக்கம் அது. நான்கு நாள் கழித்தே மருத்துவரிடம் சென்றோம். வைரஸை அடக்கும் மாத்திரையை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பயன் என்று அவர் சொன்னபோது நான் தலைகுனிந்தேன். நான் உயிரியல் ஆசிரியை! கொப்புளங்கள் மூன்று வாரத்தில் ஆறின. வலி ஒன்பது மாதம் இருந்தது. அந்த இடத்தில் சேலை பட்டாலும் துடிப்பார்கள்.

அக்கி வெளியிலிருந்து வருவதன்று. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், உடலை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்ளும். இதை 1965-இல் தெளிவாக எடுத்துரைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவரல்லர், சிற்றூரில் குடும்ப வைத்தியம் பார்த்தவர். ஒளிந்திருக்கும் வைரஸைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பவை எதிர்ப்பொருள்கள் அல்ல, டி அணுக்கள். வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கையும் சுறுசுறுப்பும் குறைகின்றன. எதிர்ப்பொருள் இரத்தத்தில் போதிய அளவு இருக்கும்போதே அக்கி வந்துவிடுவது அதனால்தான்.

எனவே அக்கிக்கான ஊசி முழுக்க முழுக்க, நோய் வந்து போனவர்களுக்கென்றே செய்யப்பட்டது. 2006-இல் வந்த முதல் ஊசி, சின்னம்மைத் தடுப்பூசியில் உள்ள அதே உயிர் வைரஸைப் பதினான்கு மடங்கு வீரியத்தில் கொண்டிருந்தது. பாதிப் பேரைத்தான் காத்தது. வயது எழுபதைத் தாண்டியவர்களிடம் இன்னும் குறைவு. 2017-இல் ஷிங்ரிக்ஸ் வந்தது. இதில் உயிர் வைரஸ் இல்லை, அதன் ஒரே ஒரு புரதம் மட்டும். ஆனால் அதனோடு உடலை உசுப்பும் துணைப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் சோப்புப்பட்டை மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. நம் ஊர்ப் பூந்திக்கொட்டையை நுரைக்கச் செய்வதும் இதே இனப் பொருள்தான். அந்த உசுப்பலில், தூங்கி வழிந்த உதவி டி அணுக்கள் பன்மடங்காகப் பெருகுகின்றன. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேர் அளவிலும், எழுபது தாண்டியவர்களில் ஏறத்தாழ 90 அளவிலும் அது அக்கியைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டின. பெருகிய டி அணுக்கள் பத்தாண்டு கழித்தும் ஊசிக்கு முன் இருந்த அளவைவிட மேலேயே நின்றன.

இந்தியாவுக்கு அது 2023-இல் வந்தது. விலை கொஞ்சமன்று. ஒருமுறை அக்கி கண்டவருக்கும் மறுபடி வரக்கூடும் என்பதால் போட்டுக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். அம்மா தயங்கினார்கள். "வந்து போனதுக்கு எதுக்குடி ஊசி?" என்று அவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். இம்முறை என்னிடம் விடை இருந்தது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. இரண்டாவதற்குப் பின் ஒரு நாள் முழுதும் காய்ச்சல், கை தூக்க முடியாத வலி, எனக்கு நல்ல வசவு.

சின்னம்மை எந்த வயதில் வந்தது என்று அன்று கேட்டேன். ஏழு வயதில், ஊர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், வேப்பிலைப் படுக்கையில் கிடந்து தேரைப் பார்க்காமல் போனதாகச் சொன்னார்கள். அந்த வாரம் உருவான நினைவணுக்களின் வழிவந்தவைதாம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அன்று இரவு காய்ச்சலோடு பெருகிக்கொண்டிருந்தன.